பழைய எண்ணைச் சொன்ன குரல்

“உன் புருஷன் பொய் சொல்றான், லடோனா” என்றாள் அக்கா.

லடோனா கல்லில் கிடந்த இறைச்சி வடையைத் திருப்பிப் போட்டாள். “கல்யாணமாகி முப்பது வருஷம் ஆச்சு. இதைச் சொல்லத்தான் உன்னைக் கூப்பிட்டேனா?”

“செவ்வாய்க்கிழமை காலையில எங்க இருந்தேன்னு கேட்டா, புல்லு வெட்டிட்டு இருந்தேங்கறான். மிஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கலயாம். ஜன்னல் வழியா பாரு. எங்க வெட்டினான்? என் முட்டி வரைக்கும் நிக்குது புல்லு!”

ஜன்னலுக்கு வெளியே வெஸ்லின் விமான நிலையம் முழுவதும் தெரிந்தது. முழுவதும் என்றால் அதிகமில்லை. ஒரு ஓடுபாதை, ஒரு பெட்ரோல் பம்பு, தகரக் கொட்டகைகள் ஒரு வரிசை, கம்பத்தில் காற்றுப் பை. யுத்தத்தின்போது குண்டு போடும் விமானங்களுக்கு ஆள் பழக்க ராணுவம் சோளக்காட்டை அழித்துப் போட்ட தளம் அது. மூன்று ஓடுபாதைகள் இருந்தன. யுத்தம் முடிந்ததும், எல்லாருக்கும் திறந்து வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மாவட்டத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இரண்டு பாதைகளைக் களை தின்றுவிட்டது. மிச்சமிருந்த ஒன்றை ரூபன் ஹவெல்கா காப்பாற்றிக்கொண்டிருந்தான். அவன்தான் மேலாளர். லடோனாவின் புருஷன். எங்கள் கட்சிக்காரன்.

எங்கள் என்றால் என் அக்கா இர்மா வோண்ட்ராவும் நானும். பயிர்க் காப்பீட்டுக் கம்பெனிக்காக அக்கா இருபது வருஷம் ஆலங்கட்டி மழைச் சேதம் மதிப்பிட்டவள். மாடு மேய்ந்த சோளத்தை மழை அடித்த சோளம் என்று சாதிக்கிற விவசாயிகளைப் பார்த்துப் பார்த்து, மனிதர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே சந்தேகப்படப் பழகியிருந்தாள். வேலையை விட்டதும் தீவனக் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டிவிட்டு ஓய்வாக இருந்த என்னை டிரைவராகவும் உதவியாளனாகவும் சேர்த்துக்கொண்டாள். சம்பளம் திட்டு. அது மட்டும் பாக்கி வைத்ததில்லை.

விஷயம் இதுதான். கால்நடை டாக்டர் வால் போஸ்பிசிலின் மஞ்சள் நிற விமானம், இரண்டு பேர் உட்காரும் சின்னது, கொட்டகையிலிருந்து காணாமல் போயிருந்தது. வியாழக்கிழமை டாக்டரின் மகள் காலீன், அதை வாங்க வந்தவரைக் கூட்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்தபோதுதான் உள்ளே வெறும் எண்ணெய்க் கறை இருப்பது தெரிந்தது. பூட்டு உடையவில்லை. கதவு ஒழுங்காகச் சாத்தியிருந்தது. சாவி இரண்டு. ஒன்று காலீனிடம், மற்றது ரூபனிடம். மாவட்டப் போலீஸ் அதிகாரி ஷெரீப் அதிகம் மூளையைச் செலவழிக்கவில்லை; பழி ரூபன் மேல் விழுந்தது.

திங்கட்கிழமை மாவட்ட சபை கூடுகிறது. விமான நிலையத்தை மூடிவிட்டு நிலத்தைச் சோளத்துக்குக் குத்தகை விட வேண்டும் என்று அங்கே ஒருவர் வருஷக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்தார். இப்போது அவர் வாயில் சர்க்கரை விழுந்த மாதிரி ஆகிவிட்டது. மேலாளரே ஊரான் விமானத்தை விற்கிறான் என்றால் வேறென்ன வேண்டும்? ரூபனுக்கு வேலை போகும். தளத்துக்குள் இருக்கிற அவர்கள் வீடு போகும். லடோனாவின் இந்தச் சாப்பாட்டுக் கடையும் போகும். அதனால்தான் வெள்ளிக்கிழமை விடிந்ததும் எங்களைக் கூப்பிட்டாள்.

கூப்பிட்டது அவள். ரூபனோ, பல்லைக் காட்டச் சொன்னால் வாயை இறுக மூடிக்கொள்கிற நோயாளி மாதிரி இருந்தான். எதைக் கேட்டாலும், “விடு இர்மா, நான் பாத்துக்கறேன்.”

“எதைப் பாத்துக்குவான்?” என்று அக்கா என்னிடம் எகிறினாள். “வீட்டுச் சாமானை ஏத்தறதையா?”

“அதுக்கு நம்ம காரையும் கேப்பான் பாரு” என்றேன்.

“வாயை மூடு, மிலோ.”

மிச்சமிருந்த ஒரே துப்பு லடோனாவின் அடுப்புக்கு மேலே அலமாரியில் இருந்த ரேடியோப் பெட்டி. பைலட்டுகள் பேசுவது அதில் கேட்கும். யாராவது வருகிறார்கள் என்று காதில் விழுந்ததும் அவள் கல்லில் வடையைப் போடுவாள். விமானத்தைக் கட்டிவிட்டு உள்ளே வரும்போது தட்டு தயாராக இருக்கும். அந்தச் சுற்று வட்டாரத்தில் அவள் கடைக்குப் பேர் வந்தது அப்படித்தான்.

“செவ்வாய்க்கிழமை காலையில ஒரு குரல் கேட்டுது” என்றாள் லடோனா. “‘ஓடுபாதை பதினேழுல கிளம்பறேன்’னு. யாருடா இது, யாரும் இன்னும் சாப்பிடக்கூட வரலியேன்னு நெனச்சேன். அவ்வளவுதான்.”

“ஊர் பேரு சொல்லியிருப்பானே. ரேடியோவுல பேசறவன் அதை முதல்லயும் சொல்லணும், கடைசியிலயும் சொல்லணும்.”

“பன்றிக்கறி பொரிஞ்சிட்டு இருந்துச்சு, இர்மா. நடுவுல இருந்ததுதான் காதுல விழுந்தது.”

“யார் குரல்?”

“அந்தப் பெட்டியில எல்லாருமே காபி டப்பாக்குள்ள உக்காந்து பேசற மாதிரிதான் இருக்கும்.”

நான் சிரித்தேன். “போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போற திருடனை இப்பதான் கேள்விப்படறேன்.”

அக்கா திரும்பினாள். “நீ பஸ் ஓட்டறதை விட்டு எத்தனை வருஷம் ஆச்சு?”

“ஏன்?”

“ரயில் பாதையைத் தாண்டறப்ப இன்னும் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து காது கொடுத்துக் கேக்கறியே, அது ஏன்? உன் கார்ல குழந்தைங்களா இருக்கு? யாரு எப்ப கிளம்பலாம்னு பாத்துச் சொல்ல இங்க டவர் கிடையாது. சொல்லாம ஓடினா எதிர்ல இறங்கறவன் மேல மோதுவான். வாழ்நாள் பூரா சொல்லிப் பழகின வாய் திருடற அன்னிக்கு மட்டும் சும்மா இருக்குமா?”



“அந்தக் குரலைப் பத்தி நான் ஷெரீப்புகிட்டயும் சொல்லித் தொலைச்சேன்” என்றாள் லடோனா. “அதுதான் தப்பாப் போச்சு. பதினேழுன்னு சொன்னா உள்ளூர்க்காரன்தான், உன் புருஷனோட கூட்டாளிதான்னு சொல்லிட்டான்.”

அதற்குக் காரணம் இருந்தது. ஓடுபாதையின் எண் என்பது அது எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதற்கான கணக்கு. காந்த முள் காட்டுகிற வடக்கு ஒரே இடத்தில் நிற்பதில்லை. வருஷக்கணக்கில் மெல்ல நகர்கிறது. ராணுவம் எழுதிய பதினேழு, நகர்ந்து நகர்ந்து இப்போது பதினெட்டாகிவிட்டது. மே மாதம் உள்ளூர் பைலட்டுகளே வாளியும் பிரஷும் எடுத்துக்கொண்டு போய்ப் பழைய எண்ணை அழித்துப் புதியதை எழுதினார்கள். புது வரைபடத்திலும் பதினெட்டுதான். பழைய எண் வாயில் வருகிறதென்றால் பழைய ஆள் என்பது ஷெரீப்பின் கணக்கு.

“இந்த மாவட்டத்துல வடக்குகூட ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது” என்றேன்.

“நிக்காதது வடக்கு மட்டுமில்ல, குரலும்தான்” என்றாள் அக்கா. “ஆர்வின் விமான நிலையத்துலயும் இதே அலைவரிசைதானே, லடோனா? அங்க பேசறதும் இந்தப் பெட்டியில கேக்கும்ல?”

“நல்லாவே கேக்கும்.”

“அங்க ஓடுபாதை பதினேழா இருந்துட்டா அந்தக் குரலுக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தமே இல்ல. ஷெரீப்போட கணக்கு குப்பையில. கிளம்புடா.”

நாற்பது மைல். ஜன்னலைத் திறந்தால் அறுவடைத் தூசி, மூடினால் வெந்துபோகிற சூடு. ஆர்வின் விமான நிலையத்தில் இறங்கியதும் அக்கா அலுவலகத்துக்குப் போகவில்லை; நேராக ஓடுபாதை முனைக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். தரையில் வீடு அகலத்துக்கு வெள்ளை எழுத்து. பதினான்கு.

அக்கா அதை ஒரு நிமிஷம் பார்த்தாள். ஒரு கல்லை எடுத்து அந்த நாலின் மேல் எறிந்தாள்.

“ஏய்! யாரது?” என்று அலுவலக வாசலிலிருந்து ஒரு பெண் கத்தினாள். அவள் பெவ் ஸ்லாமா, அங்கே மேலாளர். இடுப்பில் கை வைத்து எங்களை வரவேற்றாள்.

“மஞ்சள் விமானம் ஒண்ணு, ரெண்டு சீட்டு” என்றாள் அக்கா. “செவ்வாய்க்கிழமை இங்க வந்துதா?”

“வெளியில நிக்கறதைப் பாத்துக்கோ. மஞ்சளா எதாவது இருக்கா?”

வெளியே எதுவுமே இல்லை. சிமெண்டுத் தரையில் கட்டுக்கயிறுகள் மட்டும் காற்றில் ஆடின.

“அந்தக் கொட்டகைங்க?”

“எல்லாம் தனியாருது. பூட்டியிருக்கு. சொந்தக்காரன் சொல்லாம நான் எவன் கொட்டகையையும் திறக்க மாட்டேன். உங்க வெஸ்லின்ல வேற மாதிரின்னு கேள்விப்பட்டேன்.”

அக்காவின் காது சிவந்தது. நான் நடுவில் புகுந்தேன். “செவ்வாய்க்கிழமை காலையில நீங்க இங்கதானே இருந்தீங்க?”

“தபால் எடுக்கப் போயிருந்தேன். அதான் கேக்கறியே, திரும்பி வந்து பாத்தா ஓசிக் காரைக் காணோம்! நீங்க துப்பறியற ஆளுங்கதானே? அதைக் கண்டுபிடிச்சுக் குடுங்க முதல்ல.”

ஓசிக் கார் எல்லாச் சின்ன விமான நிலையத்திலும் உண்டு. பறந்து வருகிறவர்கள் ஊருக்குள் போய்ச் சாப்பிட்டு வர, சாவி தொங்கும், கேட்க வேண்டியதில்லை. திரும்ப விடும்போது பெட்ரோல் போட்டு விட வேண்டும், அவ்வளவுதான்.

“போலீஸ்காரங்க கழிச்சுப் போட்ட வண்டி” என்று பெவ் தொடர்ந்தாள். “காட்டுக்கோழி வேட்டைக்கு வந்தவன் எவனோ எடுத்துட்டுப் போயிருக்கான். மூணு நாளாச்சு. வந்தவன் அதுலயே குடித்தனம் பண்றான் போல.”

“உன் ஓசிக் கார் என் கேஸ் இல்ல” என்றாள் அக்கா. திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறிக் கதவை அறைந்தாள்.

திரும்பும் வழியில் ரயில் பாதை வந்தது. என் கால் தானாக பிரேக்கை அழுத்தியது. கை கதவைத் திறந்தது.

“மூடுடா அதை! ஒரு ரயிலும் இல்ல, ஒரு துப்பும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல!”

இப்போதும் அந்தப் பாதையைத் தாண்டும்போது நிறுத்தித் திறக்கிறேன். அக்கா போய்ச் சேர்ந்து இரண்டு கோடை ஆகிவிட்டது. திட்டத்தான் ஆள் இல்லை.

கடைக்குத் திரும்பியபோது மூலை மேசையில் மூன்று உள்ளூர் பைலட்டுகள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். லடோனா எங்கள் முகத்தைப் பார்த்ததும் காபியை ஊற்றினாள்.

அக்கா நெற்றியைக் கையில் தாங்கி உட்கார்ந்துவிட்டாள். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. “வெறுங்கைதான். ஆர்வின்ல பதினேழே கிடையாது.”

மூலை மேசையில் மூன்று முஷ்டிகள் ஒன்றாக விழுந்தன. சீட்டுகள் துள்ளின.

“கொலாச்சி!” என்று மூவரும் கத்தினார்கள்.

“என்னது?”

“பழைய எண்ணைச் சொன்னா அபராதம்” என்றான் அவர்களில் தாடிக்காரன். “கடையில இருக்கிற எல்லாருக்கும் ஆளுக்கொரு கொலாச்சி, இனிப்பு பன், வாங்கித் தரணும். எனக்குப் பாப்பி விதை வச்சது.”

“எனக்கு ஆப்ரிகாட் பழம் வச்சது” என்றான் இன்னொருவன்.

“நான் பைலட்டே இல்லய்யா!”

“சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான், மிலோ. நேத்து பாதிரியார்கூட மாட்டிக்கிட்டார்.”

நான் முனகிக்கொண்டே சட்டைப் பையைத் துழாவினேன். அப்போது பார்த்தேன், அக்கா நெற்றியிலிருந்து கையை எடுத்திருந்தாள்.

“இந்தச் சட்டம் எப்பலேருந்து?” என்று கேட்டாள்.

“புது எண்ணு எழுதின அன்னியிலேருந்து. இல்லாட்டி எவனும் மாற மாட்டான்னு ரூபன்தான் கொண்டாந்தான்” என்றாள் லடோனா. “அதிகமா மாட்டினவனும் அவன்தான். மே மாசம் பூரா மாவு பிசைஞ்சே என் கை வீங்கிப் போச்சு.”

“கடைசியா மாட்டின பைலட் யாரு?”

மேசையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “ஜூலைக்கு அப்புறம் ஒருத்தனும் இல்ல” என்றான் தாடிக்காரன். “கனவுல கேட்டாக்கூட பதினெட்டுதான் வரும்.”

அக்கா எழுந்து நின்றாள். “அப்ப ஷெரீப் கணக்கைத் தலைகீழா போட்டிருக்கான். இங்க வந்து போற எந்தப் பைலட் வாயிலயும் அந்த எண் வராது. பழைய எண்ணைச் சொன்னவன் இங்கயே கிடந்து பறந்தவன். ஆனா மே மாசத்துக்கு அப்புறம் இந்தக் கடைக்குள்ள கால் வைக்காதவன். யாரு?”

“கால் வைக்காதவன்னா செத்தவன்தான்” என்றான் தாடிக்காரன். “மத்தவன் எல்லாம் இங்கதான் தின்னுட்டுக் கிடக்கான்.”

லடோனா காபிக் கெட்டிலைக் கீழே வைத்தாள். அவள் பார்வை ஜன்னலைத் தாண்டி, சாலைக்கு அந்தப் பக்கம் போனது. அங்கே நீளமான செங்கல் கட்டடம். ராணுவ காலத்தில் தளத்தின் ஆஸ்பத்திரி. இப்போது மாவட்ட முதியோர் இல்லம்.

“டாக்டர் வால்” என்றாள் மெதுவாக. “ஏப்ரல்ல இடுப்பு உடைஞ்சு அங்க போனாரு. காலீன் அதுக்கப்புறம் வெளிய விடவே இல்ல.”

“தன் பிளேனைத் தானே திருடுவாரா?” என்று நான் சிரித்தேன். யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டேன். “சரி, அவர்தான் ஓட்டிட்டுப் போனாருன்னே வச்சுக்குவோம். பறந்து போனவர் அங்க எப்படி உக்காந்திருக்கார்? காலையில வரும்போதுகூட வராந்தாவுல பாத்தேனே.”

அக்கா தன் தலையிலேயே ஒரு அடி வைத்துக்கொண்டாள். “ஆர்வின்ல அந்தப் பொம்பளை துப்பைக் கையில வச்சு நீட்டினா! நான் பாட்டுக்குக் கதவை அறைஞ்சுட்டு வந்தேன். டேய், ஓசிக் காரை எடுக்கறவன் அங்க எதுல வந்தான்?”

“பிளேன்ல.”

“காரைத் திருப்பி விடாத வரைக்கும் அவன் பிளேன் எங்க இருக்கணும்?”

“அங்கதான். இல்லாட்டி எப்படித் திரும்பிப் போவான்?”

“வெளியில ஏதாவது நின்னுதா?”

“ஒண்ணுமே…” என்று ஆரம்பித்து வாயைத் திறந்தபடியே நின்றேன்.

“பூட்டின கொட்டகைக்குள்ள நிக்குது, கழுதை. நாம அதுக்கு எதிர்லதான் நின்னு சண்டை போட்டோம்.”

சாலையைத் தாண்டினோம். இல்லத்தின் பின்புறம், சலவைக்கூடத்தின் ஓரமாக, ஊழியர்களின் கார்களுக்கு நடுவில் அது நின்றது. பழைய போலீஸ் வண்டி. கதவில் நட்சத்திரம் இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் கறுத்திருந்தது. காருக்குள் சாவி தொங்கியது.

டாக்டர் வால் போஸ்பிசில் வராந்தாவில் தனியாக டாமினோ ஆடிக்கொண்டிருந்தார். எழுபத்தொன்பது வயது. மணற்குன்றுப் பண்ணைகளுக்கெல்லாம் பறந்து போய்க் கன்று இழுத்த கைகள்; இன்னும் பெரிதாகவே இருந்தன.

“வா இர்மா” என்றார் தலை தூக்காமல். “ஆலங்கட்டி பாக்க வர்றப்பல்லாம் இதைவிட சீக்கிரம் வருவியே.”

“காலையிலயே வந்திருப்பேன், டாக்டர். வழியில எல்லாரும் பொய் சொன்னாங்க.”

அவர் மறைக்கவில்லை. சந்தோஷமாகத்தான் சொன்னார். மகள் வியாழக்கிழமை விற்கப்போகிறாள் என்று தெரிந்தது. கொட்டகைக் கதவுக்கு மேலே கட்டையில் மூன்றாவது சாவி ஒன்று எப்போதும் இருக்கும். ஆர்வினில் ஒரு நண்பரின் கொட்டகை சும்மா கிடக்கிறது, ஆள் அரிசோனாவில், சாவி இவரிடம். விமானத்தை அங்கே விட்டுவிட்டு ஓசிக் காரில் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டார்.

“மறுநாள் காரைக் கொண்டு போய் விட்டிருப்பேன். நர்சம்மா பின்கதவுல மணி வச்சுட்டா. திறந்தா ஊரைக் கூட்டுது. பெவ் ரொம்பத் திட்டறாளா?”

“அதை விடுங்க. உங்களுக்கு ஓட்டறதுக்கு உடல் தகுதிச் சான்று இருக்கா?”

“ரெண்டு வருஷமா இல்ல. இதயம்னு சொல்றாங்க.” டாமினோ ஒன்றைத் தட்டி வைத்தார். “காத்து எதிர்ல இருந்துச்சு. தரையைத் தொட்டதே தெரியல, இர்மா. நீ பாத்திருக்கணும்.”

அக்கா அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். “கொட்டகைக் கதவை யார் சாத்தினது?”

“என்ன?”

“வியாழக்கிழமை வரைக்கும் யாருக்கும் சந்தேகம் வரல. ஏன்னா கதவு சாத்தியிருந்தது. நீங்களா சாத்தினீங்க?”

“அந்த இரும்பை இந்த இடுப்போட தள்ளித் திறந்ததே பெரிய விஷயம். திறந்தபடியேதான் விட்டுட்டுப் போனேன்.” அவர் புருவம் சுருங்கியது. “அப்ப யாரு சாத்தினா?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்கா என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். அவள் முகத்தில் ஜெயித்த களை இல்லை. யாரையோ நாலு வார்த்தை திட்டத் தேடுகிற மாதிரி இருந்தது.

“ரூபன்” என்றாள். “அவன் ஆபீஸ்லயும் ரேடியோ இருக்கு. அங்க எதுவும் பொரியல. உங்க குரலைக் கேட்டிருக்கான். போய்ப் பாத்திருக்கான். கதவைச் சாத்திப் பூட்டிட்டு, புல்லு வெட்டினேன்னு ஊருக்கே பொய் சொல்லிட்டு இருக்கான். எங்ககிட்டயும்.”

“எதுக்குப் பொய் சொல்லணும்? என் பிளேன்தானே?”

“உங்ககிட்ட யாரும் சொல்லலயா? ஷெரீப் வரலயா?”

“காலீன்தான் வந்தா. பிளேன் பத்திரமா இருக்குன்னா. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு.”

அக்கா சொன்னாள். சாவி, ஷெரீப், திங்கட்கிழமைக் கூட்டம். ரூபனின் வேலை, வீடு, லடோனாவின் கடை, தளம். கிழவரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. கடைசியில் டாமினோ காய்களைக் கையால் ஒரே தள்ளாகத் தள்ளினார். தரையெல்லாம் சிதறின.

“ஒரு பய சொல்லல! கஞ்சியில உப்பு போடலாமான்னு என் மகளைக் கேக்கறாங்க. என்னைக் கேக்கறதில்ல. எதிர் வீட்டுல இடி விழுந்திருக்கு, எனக்குப் பிளேன் பத்திரமா இருக்காம்!”

“நான் போய் ஷெரீப்புகிட்டச் சொல்ல முடியும்” என்றாள் அக்கா. “ஆனா பிளேன் உங்களுது. சொன்னா என்னாகும்னும் உங்களுக்குத் தெரியும். பிளேனை வித்துருவாங்க. சான்று இல்லாம பறந்ததுக்கு விமானத் துறைக்காரங்க கேள்வி கேப்பாங்க. அந்தக் கதவுல இன்னொரு மணி மாட்டுவாங்க.”

“நீ நல்லா ஆறுதல் சொல்றே.”

“எனக்கு அது வராது, டாக்டர்.”

அவர் சாலைக்கு அந்தப் பக்கம் தளத்தைப் பார்த்தார். பம்பு பக்கத்தில் ரூபன் குனிந்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தான். 

“போனை எடு” என்றார் என்னிடம்.

சுவர் போனின் கம்பி எட்டுகிற வரைக்கும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

“ஷெரீப்பா? நான் வால் போஸ்பிசில். என் பிளேனைத் தேடறியாமே… திருட்டா? எவன்டா திருடினான், நான்தான் எடுத்தேன்… ஆமா, நானே ஓட்டினேன்… காலீன் கையெழுத்துப் போட்டா அது அவளுதாயிடுமா? என் பேர்லதான் இருக்கு… ரூபனுக்கு ஒண்ணும் தெரியாது. புல்லு வெட்டிட்டு இருந்தான்… நீ எழுதிக்கோ. திங்கட்கிழமை அந்தக் கூட்டத்துல நானே வந்தும் சொல்றேன். சக்கர நாற்காலியைக் கேட்டு வாங்கி வை.”

வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். 

“பிளேன் ஆர்வின்ல கிடக்கக் கூடாது” என்றார் பிறகு. “ரூபனைப் போய்க் கொண்டாரச் சொல்லு. இடது பெட்ரோல் தொட்டி முள்ளு பொய் சொல்லும். நிறைஞ்சிருக்கிற மாதிரி காட்டும். அதை நம்ப வேணாம்னு சொல்லு.”

பம்பு அருகே போய்ச் சொன்னபோது ரூபன் கையிலிருந்த துணியைத் தரையில் அடித்தான்.

“யாரு உங்களை அவர்கிட்டப் போகச் சொன்னது? விடு விடுன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே!”

“உன் பொண்டாட்டிதான் கூப்பிட்டா” என்றாள் அக்கா. “அவ வீடும்தான் போகுது. அவளை ஒரு வார்த்தை கேட்டியா?”

ரூபன் குனிந்து அந்தத் துணியை எடுத்தான். “அன்னிக்குக் காலையில ரேடியோவுல அவர் குரலைக் கேட்டியா நீ? அஞ்சு மாசமா அந்த மனுஷன் அவ்வளவு சந்தோஷமாப் பேசினதே இல்ல.”

 

“இடது தொட்டி முள்ளு…” என்று நான் ஆரம்பித்தேன்.

“எனக்குத் தெரியும்” என்று தொப்பியை எடுத்துக்கொண்டான் ரூபன். எங்கள் காரை நோக்கி நடந்தவன், பாதியில் நின்றான். திரும்பினான். சாலையைத் தாண்டி இல்லத்தை நோக்கி நடந்தான். நாங்கள் பின்னால் ஓடினோம்.

முன்கதவைத் தள்ளிக்கொண்டு போனான். நர்ஸ் குறுக்கே வந்தாள்.

“அவரை எங்க கூட்டிட்டுப் போறீங்க? மகளைக் கேக்கணும்.”

“அவரைக் கேளு” என்றாள் அக்கா.

ரூபன் வராந்தா வாசலில் நின்றான். “டாக்டர், ஆர்வினுக்குப் போறேன். வாங்க.”

“என்னால ஓட்ட முடியாதுடா. இப்பதான் ஷெரீப்புகிட்ட ஒப்புக்கிட்டேன்.”

“நான் ஓட்டறேன். பக்கத்து சீட்டுல உக்கார்றதுக்கு எந்தச் சான்றும் வேணாம். எவனும் கேக்க முடியாது.”

டாக்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார். “நீயா இறக்கப் போறே?”

“நான்தான்.”

“உன் லேண்டிங்கை நான் பாத்திருக்கேன்” என்று முனகினார் வால் போஸ்பிசில். “எனக்கு இருக்கறது ஒரே ஒரு நல்ல இடுப்பு.”

சொல்லிக்கொண்டே கோட்டுக்குக் கையை நீட்டினார்.